அந்த உறையைக் குப்பையில் போடாதீர்கள்: பழம்பொருள் வியாபாரிகளுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பழம்பொருள் விற்பவர்களுக்கும், ஏலத்துக்குப் பொருள் எடுப்பவர்களுக்கும், பதக்கமும் நாணயமும் சேகரிப்பவர்களுக்கும் வணக்கம்.

பழைய பதக்கம், லாக்கெட், கைக்கடிகாரம், பின்பக்கம் ஏதோ எழுதியிருக்கும் புகைப்படம் என்று எது கையில் கிடைத்தாலும், அது யாருடையது, அவருடைய குடும்பம் இன்று எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவேன். பல வருடங்களாக என் ஓய்வு நேரம் முழுவதும் இதற்குத்தான் போகிறது. குடும்பம் கிடைத்தால் பொருளை அவர்களிடம் சேர்ப்பேன். கிடைக்காவிட்டால் அந்த ஆளைப் பற்றித் தெரிந்ததை எழுதியாவது வைப்பேன். இந்தத் தேடல் எல்லாமே உங்கள் மேசைகளிலிருந்துதான் தொடங்குகிறது. உங்களில் பலர் பொறுமையாகப் பெட்டி பெட்டியாக எனக்குத் திறந்து காட்டியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டி உங்களிடம் வந்தால், அதைப் பிரித்து விற்பதற்கு முன்னால், உள்ளே என்னென்ன இருந்தன, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பரப்பி வைத்து ஒரு படம் எடுங்கள். விலை போகாது என்று தோன்றும் காகிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். இவ்வளவுதான். இதற்காக ஏன் ஒரு மடலே எழுத வேண்டி வந்தது என்பதையும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரியிடம் ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கினேன். முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். 36 மில்லிமீட்டர் அகலம், ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன். உங்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பொருள்தான். விளிம்பைச் சுற்றிப் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. இந்தியப் படையைச் சேர்ந்த ஒரு சிப்பாயுடையது. இதோடு வேறு என்ன வந்தது என்று கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரு தகரப் பெட்டியில் வந்ததாம். இன்னும் இரண்டு பதக்கங்கள் இருந்தன, ஒன்று நட்சத்திர வடிவம், ஒன்று வட்டம், இரண்டும் வெண்கலம். நட்சத்திரத்தை ஒருவர் வாங்கிப் போனார், வட்டத்தை இன்னொருவர். சட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. சட்டம் நல்ல மரம் என்பதால் உடனே விற்றுவிட்டது. படம்?

"கிழிஞ்ச படம் சார், அதை யார் வாங்குவாங்க?"

ஐந்தாறு பழைய தபால் உறைகளும் இருந்தனவாம். உள்ளே கடிதம் இல்லை, வெறும் உறைகள். அவை குப்பைக்குப் போய்விட்டன.

அவர் கெட்டவர் இல்லை. அடுத்த முறை ஏதாவது வந்தால் எனக்காக எடுத்து வைப்பதாகச் சொன்னார், சொன்னபடி செய்தும் இருக்கிறார். ஆனால் அந்த உறைகளில் ஓர் ஊர்ப் பெயர் இருந்திருக்கும். அது இருந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய தேடல் எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. அதுவும் தப்பான வீட்டில் போய் முடிந்தது.

விளிம்பில் இருந்தது மிகவும் பரவலான பெயர். எழுத்தர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிய பெயர். அந்த ஒரே பெயரை மூன்று விதமாக எழுதலாம், மூன்று விதமாக எழுதியதை ஒரே விதமாகவும் படிக்கலாம். கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஒரு குடும்பத்தை அடைந்தேன். அந்த வீட்டில் அதே பெயரில் ஒருவர் அந்தப் போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக் பகுதிக்கு, போனதாகத் தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அவருடைய பேத்திக்கு எண்பது தாண்டிவிட்டது. பதக்கத்தைக் கையில் வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நான் அதை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் கழித்து, வேறொரு குடும்பம் வைத்திருந்த பழைய ஓய்வூதியத் தாள் ஒன்று என் பார்வைக்கு வந்தது. அதே பெயர், அதே படைப்பிரிவு. அதில் இருந்த படை எண்தான் விளிம்பில் இருந்த எண். முதலில் நான் போன வீட்டுக்காரர் வேறு ஆள்.

திரும்பவும் அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. என் தேடலில் நான் செய்த மிகக் கடினமான பயணம் அதுதான். எண்ணைச் சரிபார்க்காமல் கொடுத்தது என் தவறு, அதை யார் மேலும் போடவில்லை. ஆனால் ஓர் உறை, ஒரே ஓர் உறை அந்தப் பதக்கத்தோடு இருந்திருந்தால் நான் அந்த வாசலுக்கே போயிருக்க மாட்டேன்.

அப்புறம் அந்தப் பிரிந்துபோன மற்ற இரண்டு பதக்கங்கள். செட்டாக வைத்திருப்பதைவிடத் தனித்தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. அது உங்கள் பிழைப்பு, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் பிரியும்போது என்ன போகிறது என்று பாருங்கள். அந்த வெண்கல நட்சத்திரம் பெரும்பாலும் 1914-15 நட்சத்திரமாக இருந்திருக்கும். 1915ஆம் ஆண்டு முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. வட்ட வெண்கலம் வெற்றிப் பதக்கம். அது கிடைக்க வேண்டுமானால் போர்முனை என்று அறிவிக்கப்பட்ட ஓர் இடத்தில் கால் வைத்திருக்க வேண்டும். வெள்ளிப் பதக்கம் மட்டும் பெற்றவர்களும் உண்டு. ஆக, மூன்றும் சேர்ந்திருந்தால் ஆள் போரின் முதல் பதினேழு மாதங்களுக்குள்ளேயே கடல் கடந்து போனவர் என்று தெரிந்துவிடும். நட்சத்திரம் இல்லாமல் மற்ற இரண்டும் இருந்தால் 1916இலோ அதற்குப் பிறகோ போனவர் என்று நினைக்க இடமுண்டு. வெள்ளி மட்டும் தனியாகக் கிடந்தால்? அவர் அதை மட்டும்தான் பெற்றாரா, அல்லது மற்ற இரண்டையும் யாரோ பிரித்து விற்றார்களா? பதக்கத்தைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. மூன்றும் எந்தச் சேர்க்கையில் இருந்தன என்பதே ஒரு சான்று. அந்தச் சான்றைப் பிரிப்பவர் தெரியாமலே அழித்துவிடுகிறார்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. மூன்றிலும் அதே பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். வட்டப் பதக்கங்களில் விளிம்பில், நட்சத்திரத்தில் பின்பக்கத்தில். பிரிந்தவை மறுபடி சேர வழி இருக்கிறது. உங்களில் யாராவது ஒற்றை நட்சத்திரம் ஒன்று வைத்திருந்தால், அதன் பின்பக்க எழுத்தைத் தெளிவாகப் படம் எடுத்துப் பொதுவில் போடுங்கள். அந்த ஒரு படத்துக்காக எங்கேயோ ஒருவர் வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கலாம்.

பெயர் பொறித்த பொருளுக்கே இந்தக் கதி என்றால், பெயர் பொறிக்காதவற்றை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களை ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பெயர் பொறித்துக் கொடுத்தன. பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் இல்லாமலே அனுப்பியது. ஒரு சின்ன அட்டைப் பெட்டியில், உள்ளே என்னென்ன பதக்கங்கள் என்று குறித்த ஒரு சீட்டோடு, மேலே பெயரும் முகவரியும் எழுதித் தபாலில் வந்தன. அந்த நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று அச்சு அசல் ஒரே மாதிரி. யாருடையது என்று சொல்வது அந்த அட்டைப் பெட்டி மட்டும்தான். பெட்டி நைந்து, மூலை கிழிந்து, பார்க்க நன்றாக இருக்காது. அதனால் அதை எறிந்துவிட்டுப் பதக்கத்தை வெல்வெட் பெட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்றிய அந்த நொடியில் ஒரு மனிதருடைய பதக்கம் யாருடையதும் இல்லாத உலோகத் துண்டாகிவிடுகிறது. எனக்கு மிகவும் வலிக்கிற காட்சி இது.

உறையின் அருமையை நான் ஒரு ஜெர்மானிய ஆவணக் காப்பகத்தைப் பற்றிப் படித்தபோதுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். அரோல்சன் ஆவணக் காப்பகம். நாஜி வதைமுகாம்களுக்குள் கொண்டுபோனவர்களிடமிருந்து பிடுங்கிய கடிகாரம், மோதிரம், பணப்பை, குடும்பப் படம், பேனா போன்ற பொருள்கள் அங்கே இருந்தன. பெரும்பாலானவை நொயெங்கம்மே முகாமிலிருந்து வந்தவை. 2016இலிருந்து "திருடப்பட்ட நினைவு" என்ற பெயரில் அவற்றை உரிய குடும்பங்களிடம் திருப்பிக் கொடுத்து வருகிறார்கள். பல நாடுகளில் தன்னார்வலர்கள் அந்தக் குடும்பங்களைத் தேடித் தருகிறார்கள். எழுபது, எண்பது வருடம் கழித்து ஒரு மகளின் கையில் அப்பாவின் கடிகாரம் வந்து சேர்வது எப்படிச் சாத்தியமாயிற்று? பொருள்கள் ஆளுக்கு ஓர் உறையாகப் பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தன. பிடுங்கியவர்களே எழுதிய பெயர்கள் அவை. கொடுமைக்காக எழுதிய பெயரே பிற்காலத்தில் பொருள் வீடு திரும்ப வழியானது. அந்த உறைகளைப் பழுப்புக் காகிதம் என்று யாராவது கழித்துப் போட்டிருந்தால், இன்று அங்கே இருப்பது அடையாளம் இல்லாத கடிகாரக் குவியல்தான்.

சிலர் என்னிடம் சொல்வார்கள், "பேரும் நம்பரும் இருக்கே, அரசாங்க ஆவணத்தில பார்த்தா தெரிஞ்சிடுமே." தெரிந்தால் நன்றாகத்தான் இருக்கும். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப் பதிவுகளில் பாதிக்கும் மேல் 1940 செப்டம்பரில் லண்டனில் நடந்த குண்டுவீச்சில் எரிந்து போயின. தீயிலும் தீயணைத்த தண்ணீரிலும் தப்பியவற்றை இன்றும் "எரிந்த ஆவணங்கள்" என்றே அழைக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. சுமார் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான ராணுவக் கோப்புகள் போயின. அவற்றுக்கு நகல் கிடையாது. இப்படிக் காகிதம் எரிந்துபோன இடங்களில், ஓர் ஆள் படையில் இருந்தார் என்பதற்கு வீட்டில் கிடக்கும் பதக்கமும் நாலு கடிதமும்தான் மிச்சம்.

எரியாத இடத்திலும் பெயர் இல்லாமல் போயிருக்கிறது. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக எழுப்பிய பாஸ்ரா நினைவுச்சின்னத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் அந்தந்தப் படைப்பிரிவின் கீழே எண்ணிக்கையாக மட்டும் குறிக்கப்பட்டார்கள். இத்தனை பேர் என்று ஓர் எண், அவ்வளவுதான். இறந்தவர்களை இப்படிச் சமமாக நடத்தாததை, அந்தச் சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழுவே 2021இல் அறிக்கையாக வெளியிட்டு ஒப்புக்கொண்டது. கல்லில் இடம் கிடைக்காத அந்த மனிதர்களில் எத்தனையோ பேருக்கு, பெயர் அழுத்தமாகப் பொறித்திருக்கும் ஒரே இடம் ஒரு பதக்கத்தின் 36 மில்லிமீட்டர் வட்ட விளிம்பு. நீங்கள் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் திருப்பிப் பார்க்கிற விளிம்பு அதுதான்.

அதனால்தான் பாலிஷ் போடாதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளி கறுப்பது கந்தகத்தோடு சேர்ந்து மேலே ஒரு படலம் உண்டாவதால். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்தப் படலத்தோடு கொஞ்சம் வெள்ளியும் போகிறது. பல வருடம் தேய்த்த பதக்கத்தில் ராஜாவின் மூக்கு மழுங்கும், அதற்கு முன்பே விளிம்பின் எழுத்து மங்கிவிடும். 8 என்பது 3 ஆகத் தெரியும், 1 காணாமலே போகும். படை எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் வேறு மனிதர், வேறு குடும்பம். பளபளப்பாக இருந்தால் புதிதாக வாங்குகிறவர் விரும்புவார் என்பது புரிகிறது. விவரம் தெரிந்து வாங்குகிறவர் கறுத்த பதக்கத்தைத்தான் நம்பி எடுப்பார்.

விளிம்பை அராவி, பழைய பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் பொறிப்பவர்களும் இருக்கிறார்கள். உங்களில் நேர்மையானவர்கள் அளவுகோல் வைத்து விட்டத்தை அளந்தே இதைக் கண்டுபிடித்துச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அராவிய பதக்கம் கொஞ்சம் சிறுத்திருக்கும். அப்படிக் கண்டுபிடித்தால் அதைச் சீட்டில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தவர் அந்தப் பொய்ப் பெயரின் பின்னால் அலைவார்.

உருக்கப்பட்டவை பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் சுமார் 65 லட்சம் வழங்கப்பட்டது. 1980 தொடக்கத்தில் வெள்ளி விலை உச்சத்துக்குப் போனபோது அவற்றில் ஏராளமானவை உலைக்குப் போயின. சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகள் போன்றவற்றைச் சேர்ந்தவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில், சுமார் 1,10,000 மட்டும், கொடுக்கப்பட்டது. மண் சுமந்தவர்கள், பாதை போட்டவர்கள், கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர்கள் பெற்றது அது. வெண்கலம் கிடைத்தால் தயவுசெய்து மலிவுப் பொருள் என்று ஒதுக்காதீர்கள். அந்த மனிதர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகவும் குறைவு.

பதக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், மற்றவற்றையும் சொல்ல வேண்டும். பழைய ஸ்டூடியோ படங்களின் அட்டையில், படத்துக்குக் கீழேயோ பின்பக்கமோ, ஸ்டூடியோவின் பெயரும் தெருவும் அச்சடித்திருக்கும். 1854இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற சின்ன அட்டைப் படங்கள் உலகம் முழுவதும் பரவிய காலத்திலிருந்து இந்தப் பழக்கம் உண்டு. அந்த ஸ்டூடியோ அந்தத் தெருவில் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை இருந்தது என்று பழைய வணிக முகவரிப் புத்தகங்களில் பார்த்தால் படத்தின் காலம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். சட்டத்துக்கு அளவாக அட்டையின் ஓரத்தை வெட்டினால் போவது அந்த வரிதான். பிரிட்டனில் செய்த வெள்ளிப் பொருள்களில் இருக்கும் குட்டி முத்திரைகளும் அப்படித்தான். நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன், பக்கத்தில் இருக்கும் ஓர் எழுத்து எந்த வருடம் என்று சொல்லும். பள்ளிப் போட்டியில் ஜெயித்த சின்ன வெள்ளிப் பதக்கத்தில் பெயரே இல்லாவிட்டாலும், அந்த எழுத்தை வைத்து வருடத்தைப் பிடித்துப் பள்ளியின் ஆண்டு மலரில் தேடலாம். இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததை வாங்குகிறவருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஊர்ப் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். முதல் உலகப் போருக்குப் பிறகு பஞ்சாப் அரசு, படைக்குப் போனவர்களைப் பற்றிப் பதிவேடுகள் தயாரித்தது. சுமார் 3,20,000 பேர். அந்தப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய நூறு வருடம் திறந்து பார்க்க ஆளில்லாமல் கிடந்தன. 2021இல் அவற்றை மின்வடிவில் பொதுவில் வைக்கத் தொடங்கினார்கள். அவை கிராமம் கிராமமாகத் தொகுத்தவை. வெறும் பெயரை வைத்துக்கொண்டு மூன்று லட்சம் பேரில் தேடுகிறவர் மூழ்கிப் போவார். கிராமத்தின் பெயர் தெரிந்தவர் நேரே அந்தப் பக்கத்தைத் திறந்து தன் கொள்ளுத் தாத்தாவைப் பார்த்துவிடுவார். அந்தக் கிராமத்தின் பெயர் எங்கே இருக்கும்? உறையில், அஞ்சலட்டையில், படத்தின் பின்னால், பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலில். நீங்கள் பெட்டியைத் துடைத்துச் சுத்தம் செய்யும் முன் மூடியின் உள்பக்கத்தை ஒருமுறை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

இப்போது கொஞ்சம் மனம் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பொருளுக்குக் கதை கட்டாதீர்கள். பதக்கத்தோடு ஒரு வீரக் கதையும் சேர்ந்தால் சீக்கிரம் விற்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். விற்கவும் செய்கிறது. ஆனால் அந்தக் கதை அடுத்த கைக்குப் போகும், அங்கிருந்து அடுத்த கைக்கு. பத்து வருடம் கழித்து அதுவே "குடும்பத்தில் சொல்லி வந்தது" என்று என் முன்னால் வந்து நிற்கும். அப்புறம் அதை உடைப்பதற்கே ஒரு வருடம் ஆகும். உங்களுக்குத் தெரியாது என்றால் "தெரியாது" என்று எழுதுங்கள். அது எனக்கு மிகவும் உபயோகமான சொல். எந்த இடத்திலிருந்து தேட வேண்டும் என்பதை அது காட்டும்.

குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதக்கத்தை விற்ற குடும்பத்தைக் குறைவாகப் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். அது தவறு. வறுமையில் பதக்கம் பெற்றவரே அதை அடகு வைத்திருக்கலாம். போரிலிருந்து வந்தவர் அதைப் பார்க்கவே விரும்பாமல் கொடுத்திருக்கலாம். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் வீட்டுக்கு பிரிட்டன் ஒரு வெண்கலத் தட்டு அனுப்பியது, சுமார் 12 சென்டிமீட்டர் விட்டம், ஏறக்குறைய 13 லட்சத்து 50 ஆயிரம் தட்டுகள். எல்லா உயிரும் சமம் என்று பதவி எதுவும் போடாமல் பெயர் மட்டும் வார்த்திருப்பார்கள். அதில் சுமார் 600 தட்டுகள் பெண்களின் பெயரில். மகனுக்குப் பதிலாக வந்த தட்டைச் சுவரில் மாட்டிய அம்மாவும் உண்டு, கண்ணில் படக் கூடாது என்று பெட்டிக்கு அடியில் போட்ட அம்மாவும் உண்டு. நானே தேடிப் போன வீடுகளில் இரண்டு பேர் "எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் மதிக்க வேண்டும். அப்போதுகூட அந்தத் தகவல் வீண் இல்லை. பொருள் உங்களிடமே இருக்கட்டும், ஆனால் பெயரோடும் ஊரோடும் இருக்கட்டும்.

"விற்றவரின் விவரத்தை வெளியில் சொல்ல முடியாதே" என்பீர்கள். சரிதான், சொல்ல வேண்டாம். விற்றவரின் பெயரும் முகவரியும் எனக்குத் தேவையில்லை. எந்த வட்டாரம், எந்த வருடம், என்னென்ன சேர்ந்து வந்தன, இது போதும். விருப்பம் இருந்தால், விற்கும்போதே அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது யாருடையது, உங்களுக்கு என்ன உறவு?" பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். தாத்தாவின் பெட்டியை விற்க வருகிறவர் அந்த ஒரு கேள்விக்காகக் கதவோரம் கொஞ்ச நேரம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நேரம் இல்லை என்பதையும் புரிந்துகொள்கிறேன். நாற்பது பெட்டி வருகிற நாளில் யார் உட்கார்ந்து எழுதுவது? அப்படியானால் மொபைலில் இரண்டு படம். பெட்டியைத் திறந்ததும் ஒன்று, பொருளைப் பரப்பி வைத்து ஒன்று. ஒரு நிமிடம்கூட ஆகாது.

சேகரிப்பாளர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம் அதிகம். நீங்கள் இவற்றை நேசித்து வைத்திருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். பதக்கங்களைப் பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வைக்காதீர்கள். நாளாக ஆக அது கசிந்து வெண்கலத்தின் மேல் பச்சையாகப் பிடிக்கும். புகைப்படத்தின் பின்னால் எழுத வேண்டுமானால் மெல்லிய பென்சிலில், ஓரமாக எழுதுங்கள், பேனா வேண்டாம். செல்லோ டேப் எதிலும் வேண்டாம். விளிம்பெழுத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து படமாக எடுத்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு உங்கள் சேகரிப்பை யார் திறந்தாலும் புரிகிற மாதிரி, ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு இருக்கட்டும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் விவரம் உங்களோடு போய்விடும். என் நண்பர் ஒருவர் நாற்பது வருடம் சேர்த்தவை அப்படித்தான் ஒரே வாரத்தில் ஊமையாகிவிட்டன. எது எங்கிருந்து வந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அம்மாவைப் பற்றிப் பாதியில் விட்டுவிட்டேன்.

நான் மறுபடி போனபோது அவர் வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஓய்வூதியத் தாளின் நகலைக் காட்டினேன், எண்ணை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய், ஒரு பழைய பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த பதக்கத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "கொண்டுபோய்க் கொடுத்துடு தம்பி, அவங்களும் எதிர்பார்த்துக்கிட்டுத்தானே இருப்பாங்க" என்றார். துணியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அதோடு போகட்டும் என்றார். இன்று அந்தப் பதக்கம் அதற்குரிய வீட்டில், அந்தத் துணியிலேயே இருக்கிறது.

நான் கிளம்பும்போது அவர் கேட்டார், "அப்படின்னா எங்க தாத்தாவோடது எங்கப்பா இருக்கு?"

அதே பெயர், அதே படைப்பிரிவு, வேறொரு எண். உங்களில் யாருடைய மேசையிலோ, யாருடைய அலமாரியிலோ இருக்கலாம். அவருக்கு இப்போது எண்பத்தாறு வயது. ஒருமுறை எடுத்து, விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்.